இஜ்ஜா கொடுத்தனுப்பிய பானைகள்

அம்ஸ்ரா ஆஸ்பத்திரிக்கு முதல் கல்லை வைத்தது யார் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். இஜ்ஜா எந்தப் பெயரையும் மறுக்கமாட்டாள். ஊரே கல் சுமந்த நாள் அது, யார் கல் முதலில் விழுந்ததென்று யாருக்குத் தெரியும்?

பிரெஞ்சுக்காரர்கள் நாட்டை விட்டுப் போய் அதிக காலம் ஆகியிருக்கவில்லை. நோயாளியைக் கழுதைமேல் வைத்துக் கட்டி, கடலோர நகரமான அகாதிருக்குக் கொண்டுபோவதும், பாதி வழியில் பிணமாகத் திருப்பிக்கொண்டு வருவதுமாக ஜனங்கள் சலித்துப்போயிருந்தார்கள். கட்டடம் நீங்கள் எழுப்பினால் கம்பவுண்டரை நாங்கள் அனுப்புகிறோம் என்று அரசாங்கம் சொன்னதும், வீட்டுக்கு ஓர் ஆளாக மலைச்சரிவில் இறங்கிவிட்டார்கள். பார்லி அறுப்பதற்கும் கிணறு தூர்வாருவதற்கும் கூடுகிற அதே கூட்டம்தான். ஆண்கள் கல் உடைத்தார்கள், பெண்கள் சுமந்தார்கள். இஜ்ஜா கைக்குழந்தை தூதாவை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு, மண் குழைக்கத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள்.

இரண்டு அறை, ஒரு தாழ்வாரம். கம்பவுண்டர் ஸீ மஹ்ஜூப் வந்தார். கண்ணுக்குக் களிம்பு, காய்ச்சலுக்கு மாத்திரை, எல்லாவற்றுக்கும் ஊசி. அதற்குள் இஜ்ஜாவின் கணவன் நிலக்கரி வெட்ட பிரான்ஸுக்குப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான் என்று சேதி வந்தது. அவள் அழுதாளா என்று யாரும் பார்க்கவில்லை. மறுவாரம் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் போர்வை துவைத்துக்கொண்டிருந்தாள்.

துவைக்கப் போனவள் மெல்ல மெல்ல உள்ளே வந்தாள். ஸீ மஹ்ஜூப் வெளியூர்க்காரர், அரபி பேசுகிறவர். மலைப் பெண்களுக்கோ சொந்த பாஷை தவிர வேறொன்றும் தெரியாது. சந்தையில் பொறுக்கிய அரபியை வைத்துக்கொண்டு இஜ்ஜா நடுவில் நின்றாள். எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக, மாத்திரை சாப்பிட்டாயா, இல்லை ஆட்டுக்குக் கொடுத்தாயா. சில வருஷங்களில் அவள் இல்லாமல் அங்கே ஒரு தும்மலுக்குக்கூட மருந்து கிடைக்காது என்று ஆகிவிட்டது.

ஊர் மறுபடியும் கல் சுமந்து பிரசவ அறை ஒன்று கட்டியது. இரண்டு கட்டில். ஆரம்பத்தில் ஒருத்தியும் வரவில்லை. இஜ்ஜா வீடுவீடாகப் போனாள்.

"கட்டில்ல படுத்துப் பெத்தா புள்ள கீழ விழுந்துடாதா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"உன் புள்ள ஆட்டுக்குட்டியா, பொறந்ததும் எழுந்து ஓட?"

"சரி, கொடி? கொடிய என்ன பண்ணுவீங்க?"

அதுதான் உண்மையான கேள்வி என்பது இஜ்ஜாவுக்குத் தெரியும். அம்ஸ்ராவில் குழந்தையோடு வெளியே வருகிற நஞ்சுக்கொடி எறிகிற பொருளில்லை. அது பிள்ளையின் பாதி. துணியில் சுற்றி, மண்பானையில் போட்டு, உப்பு தூவி, வீட்டு வாசற்படியின் அடியில் புதைப்பார்கள். மூட்டையைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. பெரியவளான ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் மண்ணைத் தள்ளுவாள். அது சொந்த மண்ணுக்குப் போகாவிட்டால் தாயின் வயிறு மூடிக்கொள்ளும், பிள்ளை ஊர் தங்காது.

"பானையோட உன் கையில தருவேன். நான் பொறுப்பு" என்றாள் இஜ்ஜா.

சொன்னபடி கொடுத்தாள். ஸீ மஹ்ஜூப் அதிலெல்லாம் தலையிடவில்லை. பானை கைக்கு வருகிறது என்ற சேதி மலை முழுக்கப் பரவ, பிரசவ அறைக் கட்டில்கள் காலியாக இருக்கிற நாளே அபூர்வமாயிற்று. அந்த நெரிசலைப் பார்த்துத்தான் அரசாங்கம் அதை ஆஸ்பத்திரியாக உயர்த்தியது, ஒரு டாக்டரையும் அனுப்பியது.

டாக்டர் ஸ்கல்லி ஃபெஸ் நகரத்துக்காரர், அவருக்கும் அரபிதான் தெரியும். இளவயது, வெள்ளைக் கோட்டை மலைத் தூசியிலும் வெள்ளையாகவே வைத்திருந்தார். வந்த முதல் நாள் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் பெயர் கேட்டார். இஜ்ஜாவின் முறை வந்தபோது ஸீ மஹ்ஜூப், "இவங்கதான் இங்க எல்லாம்" என்றார். டாக்டர் கையை நீட்டினார். ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுத்தான் இஜ்ஜா அதைப் பிடித்தாள். அந்த வருஷமே அவளுக்கு நிரந்தர வேலையும் வெள்ளை அங்கியும் கிடைத்தன. "நர்ஸம்மா" என்று ஜனங்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் திருத்தவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கழிவு கொட்டுகிற குழி ஒன்று இருந்தது. ஒருநாள் டாக்டர் அங்கே போய் நின்றார். ரத்தத் துணிகளை நாய்கள் கிளறி இழுத்துக்கொண்டிருந்தன. மறுமாதம் செங்கல் சூளை மாதிரி ஓர் அடுப்பு எழும்பியது. "இனிமே எல்லாமே இதுலதான். பஞ்சு, துணி, பிரசவ அறையிலேருந்து வர்ற எதுவா இருந்தாலும். புரிஞ்சுதா?" என்றார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். இஜ்ஜாவும் ஆட்டினாள். ஆட்டும்போதே ஒன்று நினைவுக்கு வந்தது. கொடி? கேட்டிருக்கலாம். ஆனால் ஃபெஸ்ஸில் படித்து வந்தவர் முன்னால், வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, வாசற்படியின் அடியில் பானை புதைக்கிற கதையை எந்த வாயால் சொல்வது? சொன்னால் அவரும் அவளை அந்தப் பெண்களோடு சேர்த்துவிடுவார், துவைக்கிற கல்லுக்கே திருப்பி அனுப்புகிற மாதிரி பார்ப்பார் என்று நினைத்தாள். அவராகவா அப்படிப் பார்த்தார், அவளாகவா நினைத்துக்கொண்டாள் என்பதைப் பிறகு எத்தனையோ வருஷம் யோசித்தாள்.

அடுப்பு வந்தபின் முதலில் பிரசவித்தவள் மேல்மலைக்காரி மம்மாஸ். குழந்தை அழுதது, கொடி வாளிக்குள் விழுந்தது, வாளி அடுப்புக்குப் போனது. மம்மாஸ் டாக்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கெஞ்சினாள்.

"கொடியக் குடுத்துடச் சொல்லுங்க நர்ஸம்மா. எனக்கு இன்னும் புள்ள வேணும்."

டாக்டர் இஜ்ஜாவின் பக்கம் திரும்பினார். "என்ன சொல்றாங்க?"

"நன்றி சொல்றாங்க டாக்டர்."

டாக்டர் சிரித்துக்கொண்டே மம்மாஸின் நெற்றியில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அவர் ஒத்துக்கொண்டுவிட்டார் என்று மம்மாஸ் நினைத்தாள். வெளியே அவள் மாமியார் வெறும் பானையோடு காத்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிச் சமையலறையில் அன்றைக்கு ஆடு அறுத்திருந்தார்கள். கறுத்து, வழவழவென்று, உள்ளங்கை நீளத்தில் மண்ணீரல் ஒன்று பலகைமேல் கிடந்தது. இஜ்ஜா அதை எடுத்துத் துணியில் சுற்றினாள். வெளியே போய் மாமியாரின் பானையை வாங்கி, அதில் வைத்து மூடிக் கொடுத்தாள். மாமியார் பானையை வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, "உங்க கை நல்லாருக்கணும்" என்று வாழ்த்திவிட்டுப் போனாள்.

ஒரு தடவை என்றுதான் செய்தாள். இரண்டாம் தடவை, அடுப்புக்காரன் பார்க்காத நேரம் வாளியிலிருந்தே எடுத்துவிடலாமா என்று யோசித்தாள். பிடிபட்டால் நிரந்தர வேலை போய்விடும். மாமிசத்துக்கு மாமிசம், மண்ணுக்குள் போனபின் எது எதுவென்று யாருக்குத் தெரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூன்றாம் தடவை யோசிக்கவேயில்லை.

அதற்குப் பிறகு கசாப்புக் கடைக்காரன் பிஹியிடம் போய் வாங்க ஆரம்பித்தாள். பிஹி வாயாடி.

"இஜ்ஜாக்கா, அந்த ஃபெஸ் டாக்டருக்கு மண்ணீரல்மேல அப்படி என்ன ஆச? உள்ள கொழுப்பு வச்சுத் தைச்சு, சுட்டுக் குடுக்கறீங்களா, பச்சையாவே முழுங்கறாரா?"

"வாய மூடிட்டு நல்லதா ஒண்ணு குடு."

"உங்களுக்கில்லாத நல்லதா. வாரத்துக்கு நாலு போகுது. என் பொஞ்சாதிகூட இப்படி வாங்கினதில்ல."

ஆஸ்பத்திரி வளர்ந்தது. பிரசவத்துக்கென்று தனிக் கட்டடம் வந்தது. மின்சாரம் வந்தது, ஆம்புலன்ஸ் வரப்போகிறது என்றார்கள். மாகாணத்திலிருந்து வந்த அதிகாரி, இந்தப் பக்கத்து மலைகளிலேயே இங்கேதான் பெண்கள் இவ்வளவு நம்பி வருகிறார்கள் என்று டாக்டரைப் பாராட்டினார். டாக்டர் இஜ்ஜாவைக் கைகாட்டினார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அவளுடைய மகள் தூதாவுக்கும் தலைப்பிரசவம் அங்கேதான் நடந்தது. பெண் குழந்தை. டாக்டர் அறைக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தார். மகளுக்காகவாவது ஒரு வார்த்தை கேட்டுவிடலாமென்று இஜ்ஜா வாயைத் திறந்தாள். மற்ற பெண்களுக்குக் கேட்காததை மகளுக்கு மட்டும் எப்படிக் கேட்பது என்று மூடிக்கொண்டாள். சம்பந்தி கெல்தூமாவின் பானையிலும் பிஹி கடை மண்ணீரல்தான் போனது.

பிடிபட்டது பிஹியின் பிள்ளை பிறந்த அன்றைக்கு.

அவன் மனைவிக்குக் காலையில் பிரசவம் ஆயிற்று. பிஹியின் தாய் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். வீட்டில் வேறு பெண் இல்லை. அதனால் பானையை அவனே வாங்கிக்கொண்டு போனான். மூட்டையைப் பிரிக்கக் கூடாது என்பது பெண்களுக்குத் தெரிந்த முறை. ஆண்களுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. உப்பு தூவ வேண்டும் என்ற அளவுக்குத்தான் அவனுக்குத் தெரியும். துணியைப் பிரித்தான். உப்பைக் கையிலெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான். கொக்கியில் மாட்டுவதற்காக ஓரத்தில் அவன் போடுகிற துளை அதில் இருந்தது. காலையில், மனைவிக்கு வலி கண்டிருந்த நேரத்தில், அவனே எடை போட்டுக் கொடுத்தது.

பானையோடு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தான். வழக்கமாகத் தெருக்கோடியிலேயே கேட்கிற குரல் அன்றைக்குக் கேட்கவில்லை.

"இஜ்ஜாக்கா. இது என் கடைச் சரக்கு."

இஜ்ஜா பானையை வாங்கக் கை நீட்டினாள்.

"என் கத்திய எனக்குத் தெரியாதா? என் புள்ளையோடது எங்க?"

அவள் கண் தன்னை மீறி அடுப்புப் பக்கம் போனது. பிஹியும் பார்த்தான். புகை வந்துகொண்டிருந்தது.

"அப்ப நான் இத்தன நாளா வித்ததெல்லாம்…" என்று ஆரம்பித்தவன் முடிக்காமல் பானையை அவள் காலடியில் வைத்துவிட்டுப் போனான்.

அடுத்த சந்தை நாளில் ஊருக்கே தெரிந்துவிட்டது. வாசற்படிகளைப் பெயர்த்துத் தோண்டினார்கள். தோண்டிப் பார்த்து என்ன கிடைக்கும்? பானை ஓடுகள் கிடைத்தன. அந்தப் பிரசவத்தோடு வயிறு மூடிப்போன பெண்கள் மண்டியிட்டு அழுதார்கள். "அதான் பசங்க எவனும் ஊர் தங்காம பிரான்ஸுக்கு ஓடுறானுங்க" என்றாள் ஒரு கிழவி. மம்மாஸ் மட்டும், "எனக்கு அப்புறம் மூணு பொறந்துச்சே, ஆட்டுக் கொடியே போதும்போல" என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அடுத்த பிரசவத்துக்கு மம்மாஸும் வரவில்லை.

பிரசவக் கட்டடத்தில் புதுக் கட்டில்கள் வரிசையாக விரிப்போடு கிடந்தன. இஜ்ஜா காலையில் வந்து யாரும் படுக்காத விரிப்புகளை உதறி மறுபடி போட்டாள்.

"ஏன் யாருமே வர்றதில்ல?" என்று டாக்டர் கேட்டார்.

"அறுவடை நேரம் டாக்டர்."

அறுவடை முடிந்தது. "இப்ப?"

"நோன்பு வருதில்ல டாக்டர்."

அப்போது தூதா மறுபடி நிறைமாதமாக இருந்தாள். இஜ்ஜாவின் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான். தலைப்பிரசவத்திலேயே கொடி கீழே இறங்க நேரமெடுத்து, டாக்டர் ஊசி போட்டுத்தான் வந்தது. வீட்டில் பெற்றால் யார் ஊசி போடுவார்கள்? கெல்தூமாவின் வீட்டுக்குப் போனாள்.

"வாங்க சம்பந்தி" என்றாள் கெல்தூமா. அந்த 'வாங்க'வில் ஒன்றுமில்லை. தேநீர்ச் சட்டியை அடுப்பில் ஏற்றவுமில்லை. அம்ஸ்ராவில் வழி கேட்க வந்தவனைக்கூட ஒரு கிளாஸ் குடிக்காமல் அனுப்பமாட்டார்கள்.

"இந்தத் தடவ மட்டும் அனுப்புங்க சம்பந்தி. உங்க கையைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"அனுப்பி? கறி வாங்கியாரவா? அதுக்குக் கடைக்கே போய்க்கலாமே."

தூதா மூலையில் உட்கார்ந்திருந்தாள். மகளின் பக்கம் திரும்பினாள் இஜ்ஜா. "நீயாவது சொல்லு."

"என்னோடதையுமா எரிச்ச?" என்றாள் தூதா. "ஊராரோடத விடு. என்னோடதையுமா?"

இஜ்ஜா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"டாக்டர் குடுக்கமாட்டேன்னாரா?"

இதற்காவது ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பழி அவர்மேல் போயிருக்கும். "நான் கேக்கல" என்றாள் இஜ்ஜா.

"கேக்கவேயில்லையா?" தூதா தாயை வெகுநேரம் பார்த்தாள். "நான் இங்கயே பெத்துக்கறேம்மா."

பத்து நாள் கழித்து, மத்தியான நேரத்தில், பிஹியின் கறி வண்டி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. பின்னால் கம்பளிமேல் தூதா கிடந்தாள். ஆண் குழந்தை விடிகாலையிலேயே பிறந்து நன்றாக இருந்தான். கொடி மட்டும் இறங்கவில்லை. இப்போ இறங்கும், அப்புறம் இறங்கும் என்று கெல்தூமா காத்திருந்தாள். கம்பளி நனைந்து சொட்ட ஆரம்பித்த பிறகுதான் பிஹியிடம் ஓடினாள். கோபம் ஆறாத பிஹி, ஒரு வார்த்தையும் கேட்காமல் கறியை இறக்கிப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தான்.

டாக்டர் கையுறை போட்டார். இஜ்ஜா மகளின் தலைமாட்டில் நின்றாள். உள்ளே கையைவிட்டுத் துண்டுதுண்டாக எடுக்க வேண்டியிருந்தது. தூதாவின் உதடு சாம்பல் நிறமாகிப் பிறகு கொஞ்சங்கொஞ்சமாகத் திரும்பியது. "பொழச்சுட்டாங்க. காலையிலேயே கொண்டுவந்திருந்தா இவ்வளவு ஆகியிருக்காது" என்றார் டாக்டர். வாளியைத் தள்ளப் போனார்.

இஜ்ஜா வாளியின் பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"இது எனக்கு வேணும் டாக்டர்."

"எதுக்கு?"

சொன்னாள். வாசற்படி, பானை, உப்பு, மண்ணீரல், மம்மாஸின் நன்றி, அறுவடை, நோன்பு, எல்லாவற்றையும் தெரிந்த அரபியில் குளறிக்குளறிச் சொன்னாள். டாக்டர் ரத்தம் தோய்ந்த கையோடு கேட்டுக்கொண்டு நின்றார்.

"நாய் இழுத்துட்டுப் போகக் கூடாதுன்னுதானே எரிக்கச் சொன்னேன்?" என்றார். "அவங்க வீட்டுல புதைச்சா எனக்கென்ன? என் அம்மாவே என்னோடதப் புதைச்சிருக்காங்க." கையுறையைக் கழற்றினார். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே இஜ்ஜா."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. பானை ஒன்று கொண்டுவரச் சொன்னார்.

இஜ்ஜா அதைச் சுமந்துகொண்டு கெல்தூமாவின் வாசலில் போய் நின்றாள். கெல்தூமா பேரனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தூதா பொழச்சுட்டா" என்றாள் இஜ்ஜா. "இது அவளோடது. நிஜம்."

கெல்தூமா பானையைப் பார்த்தாள். "போன தடவையும் நிஜம்னுதான் குடுத்தீங்க."

"இது நிஜம் சம்பந்தி."

"யார் சொல்றது?"

தெருவில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த பிஹி வந்தான். யாரும் கூப்பிடவில்லை. துணியின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்துவிட்டு உடனே மூடினான். "என் கடைச் சரக்கு இல்ல பெரியம்மா. புதைங்க" என்றான்.

அவன் சொன்னதும் கெல்தூமா எழுந்து மண்வெட்டியை எடுத்தாள். ஆஸ்பத்திரி கட்டிய நாளிலிருந்து அங்கே உழைத்தவளின் பேச்சைவிட, கசாப்புக்காரனின் ஒரு பார்வைக்கு அந்த வாசலில் மதிப்பிருந்தது. அது நியாயம்தான் என்று இஜ்ஜாவுக்குப் பட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு மண்ணைத் தள்ளுகிற சத்தத்தை மட்டும் கேட்டாள்.

தூதாவுக்கு அப்புறம் பிள்ளை பிறக்கவில்லை. தாமதமாக வந்ததால் என்றார் டாக்டர். முதல் கொடி எரிந்ததால் என்றாள் கெல்தூமா. யார் சொன்னது சரியாக இருந்தாலும் கணக்கு தன்னிடம்தான் வந்து நிற்கிறது என்பது இஜ்ஜாவுக்குத் தெரிந்தது. தூதா பெருநாளைக்கு வருவாள், தாயின் கையை முத்தமிடுவாள், தேநீர் குடிப்பாள். கதவை மூடிக்கொண்டு இருவரும் பேசுகிற பேச்சு மட்டும் நின்றுபோயிற்று.

பானை மறுபடி கைக்குக் கிடைக்கும் என்று டாக்டரே சந்தையில் போய்ச் சொன்னார். சொந்தப் பணத்தில் மூடிபோட்ட பானைகள் வாங்கிவைத்தார். பெண்கள் திரும்பி வரப் பல வருஷம் ஆயிற்று. முதலில் தூரத்து மலைகளிலிருந்து, இஜ்ஜாவைத் தெரியாதவர்கள் வந்தார்கள். டாக்டர் ஸ்கல்லி மாற்றலாகிப் போனார். வேறு டாக்டர்கள் வந்தார்கள். ஊர் கட்டிய கல் அறைகளை இடித்துவிட்டு மூன்று மாடி எழுப்பினார்கள். ஆம்புலன்ஸ் ஒருவழியாக வந்தே விட்டது.

ஓய்வுபெறுகிற வருஷத்தில் இஜ்ஜா பிரசவ வார்டில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். அகாதிரில் படித்துவிட்டு வந்த சின்னப் பெண், மருத்துவச்சியாக வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவள், கட்டிலருகில் குனிந்து, "அக்கா, கொடிய வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்களா, நாங்களே பாத்துக்கவா?" என்று கேட்டாள். அவ்வளவு சாதாரணமாக, ஜன்னலைத் திறக்கட்டுமா என்கிற மாதிரி கேட்டாள்.

"வேணாம் தாயி, நீங்களே பாத்துக்குங்க" என்றாள் கட்டிலில் கிடந்தவள்.

இஜ்ஜாவின் கையிலிருந்த விரிப்பு பாதி மடிப்பில் நின்றது. அவ்வளவுதானா என்றிருந்தது. அதைக் கேட்க ஒரு மூச்சுகூடத் தேவைப்படவில்லை.